கேம் லோட் ஆக லேட் ஆகுதா? காசை ரேமில் போடுவதா, எஸ்எஸ்டியில் போடுவதா? எண்கள் சொல்வது என்ன?

சம்பளம் வந்ததும் இந்த மாதமாவது கம்ப்யூட்டரை அப்கிரேட் பண்ணிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? கேமைத் திறந்தால் லோடிங் திரை நகரவே மாட்டேன் என்கிறது, நண்பர்கள் எல்லாரும் உள்ளே போய் ஆட ஆரம்பித்த பிறகுதான் நீங்கள் போய்ச் சேருகிறீர்கள் என்றால், உங்களுக்கு இரண்டு அறிவுரைகள் கட்டாயம் வந்திருக்கும். ஒன்று: "வேகமான எஸ்எஸ்டி போடு." இன்னொன்று: "ரேமை அள்ளிப் போடு, கேமையே ரேமுக்குள் தூக்கி வெச்சிடலாம். அதைவிட வேகம் எதுவுமே கிடையாது."

இரண்டாவது அறிவுரையில் உண்மை இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் எந்த எஸ்எஸ்டியையும்விட ரேம் வேகமானதுதான். ஆனால் அந்த வேகத்துக்கு நீங்கள் கொடுக்கப்போகும் பணத்துக்கு எத்தனை விநாடி திரும்பக் கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஏன் இந்தக் கேள்வி இப்போது?

காரணம், ரேம் விலை. 2025-ன் கடைசி மாதங்களில் டிடிஆர்5 ரேமின் விலை உலகச் சந்தையில் மளமளவென்று ஏறியது. அமெரிக்காவில் சுமார் 100 டாலருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த 32 ஜிபி செட், ஆண்டு முடிவதற்குள் 300 டாலரைத் தாண்டிவிட்டது. எஸ்எஸ்டி விலையும் கூடவே ஏறியது.

உலகின் ரேம் சிப்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை மூன்றே நிறுவனங்கள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டர்களுக்குத் தேவைப்படும் ஹெச்பிஎம் என்ற உயர்வேக நினைவகத்தையும் இவைதான் தயாரிக்கின்றன. ஒரு ஜிபி ஹெச்பிஎம் தயாரிக்க, ஒரு ஜிபி டிடிஆர்5-க்குத் தேவைப்படுவதைப்போல சுமார் மூன்று மடங்கு வேஃபர் தேவை. லாபம் அதிகமுள்ள அந்தப் பக்கம் உற்பத்தி திரும்பியதால், உங்களுக்கும் எனக்கும் வரவேண்டிய ரேம் குறைந்தது. 2025 டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரான் ஒரு படி மேலே போய், சில்லறை வாடிக்கையாளர்களுக்கான தன் 'க்ரூஷியல்' ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. அசெம்பிள் பண்ணும் பலரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பிராண்ட் அது.

"குஜராத்தில் மைக்ரான் ஆலை வருதே, இங்கே விலை குறையாதா?" என்று கேட்கலாம். சானந்தில் 2023-ல் அறிவிக்கப்பட்ட அந்த ஆலை, சிப்களைச் சோதித்து பேக்கேஜ் செய்வதற்கானது. சிப்பின் அடிப்படையான வேஃபர் அங்கே உருவாவதில்லை. எனவே உலகச் சந்தையின் தட்டுப்பாடு நம் ஊர்க் கடையிலும் அப்படியே எதிரொலிக்கும்.

ஆக, சும்மா இருக்கட்டும் என்று 32 ஜிபி கூடுதலாக வாங்கிப்போட்ட காலம் போய்விட்டது. ஒவ்வொரு ஜிபிக்கும் காரணம் தேவை.

சாலை பஜார் கணக்கு

ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்குப் போவோம். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இந்த இடம் நன்றாகவே தெரியும். பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிர்த் திசையில் மெயின் ரோட்டைத் தாண்டினால் சாலை பஜார். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய கடைத்தெரு. தமிழ் வியாபாரிகள் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் இடம். அங்கேயே பாத்திரக் கடை நடத்திய எழுத்தாளர் ஆ. மாதவன், தன் கதைகளின் களமாக்கிக்கொண்டதும் இந்தத் தெருவைத்தான்.

அங்கே ஒரு மளிகைக் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடைக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மேசைதான் ரேம். கொஞ்சம்தான் வைக்க முடியும், ஆனால் உடனே எடுக்கலாம். இரவு கடையை அடைத்தால் மேசை காலி. தெருமுனையில் இருக்கும் குடோன்தான் எஸ்எஸ்டி. நிறைய அடுக்கலாம், போய்வரக் கொஞ்ச நேரம் ஆகும், கடை பூட்டியிருந்தாலும் சரக்கு அப்படியே இருக்கும். வெளியூரிலிருந்து லாரியில் சரக்கு வரவேண்டும் என்றால், அது பழைய ஹார்ட் டிஸ்க்.

நேரத்தைப் பாருங்கள். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க சுமார் 100 நானோ விநாடி ஆகும். எஸ்எஸ்டிக்கு அதைப்போல சுமார் ஆயிரம் மடங்கு. ஹார்ட் டிஸ்க்குக்கு சுமார் லட்சம் மடங்கு. மேசையிலிருந்து எடுக்க 1 விநாடி என்று வைத்துக்கொண்டால், குடோனுக்குப் போய்வர கிட்டத்தட்ட 17 நிமிடம். லாரி வந்துசேர ஒரு நாளுக்கு மேல்.

இதைப் பார்த்தால் எல்லாச் சரக்கையும் மேசையிலேயே வைத்துவிடலாமே என்றுதான் தோன்றும். 1980-களில், டாஸ் காலத்தில், அப்படித்தான் செய்தார்கள். ரேமின் ஒரு பகுதியைப் பிரித்து, அதை ஒரு டிரைவ் போலக் காட்டுவது. பெயர் 'ரேம் டிஸ்க்'. அப்போது ஃப்ளாப்பி ஆமை வேகம், அதில் இருந்த மொத்தத் தகவலும் சில நூறு கேபிதான். ரேமுக்குள் அடங்கியது, பலனும் கண்முன்னே தெரிந்தது. இன்றும் இலவச மென்பொருள்களைக் கொண்டு ரேம் டிஸ்க் உருவாக்கலாம். ஆனால் கேமின் அளவும் மாறிவிட்டது, குடோனின் வேகமும் மாறிவிட்டது.

10 ஜிபியைப் படிக்க எவ்வளவு நேரம்?

ஒரு கேம் லோட் ஆகும்போது 10 ஜிபி தகவலை நேர்வரிசையில் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கருவியின் அதிகபட்ச வேகத்தில் கணக்குப் போட்டால்:

• ஹார்ட் டிஸ்க் (விநாடிக்கு சுமார் 150 எம்பி): 67 விநாடி
• சாட்டா எஸ்எஸ்டி (550 எம்பி): 18 விநாடி
• என்விஎம்இ எஸ்எஸ்டி, ஜென் 3 (3,500 எம்பி): 2.9 விநாடி
• என்விஎம்இ எஸ்எஸ்டி, ஜென் 4 (7,000 எம்பி): 1.4 விநாடி
• ரேம், டிடிஆர்4-3200, இரட்டைச் சேனல் (51,200 எம்பி): 0.2 விநாடி

மேலிருந்து கீழே போகப் போக, மிச்சமாகும் நேரத்தைக் கவனியுங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறினால் 49 விநாடி மிச்சம். அதிலிருந்து ஜென் 3-க்கு மாறினால் 15 விநாடி. ஜென் 3-லிருந்து ஜென் 4-க்கு 1.5 விநாடி. ஜென் 4-லிருந்து ரேமுக்கு 1.2 விநாடி. கடைசிப் படியில் வேகம் ஏழு மடங்கு கூடுகிறது. உங்கள் கைக்கு வருவதோ ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேல்.

இதுவும் காகிதக் கணக்குதான். நிஜத்தில் எஸ்எஸ்டி பெட்டியில் அச்சிட்டிருக்கும் 7,000 எம்பி, பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கும்போது மட்டும் கிடைக்கும் வேகம். சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒன்று வந்த பிறகு அடுத்ததைக் கேட்டால், அதே எஸ்எஸ்டி விநாடிக்கு 100 எம்பியைச் சுற்றித்தான் தரும். பழைய முறையில் எழுதப்பட்ட பல கேம்கள் இப்படித்தான் கேட்கின்றன. சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்கு மாறிய பலர், "பெருசா வித்தியாசம் தெரியலையே" என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

சரக்கு வந்தாச்சு, கட்டிக் கொடுப்பது யார்?

மறுபடியும் மளிகைக் கடைக்கு வாருங்கள். குடோனிலிருந்து மூட்டை வந்துவிட்டது. ஆனால் மூட்டையைப் பிரித்து, எடைபோட்டு, பொட்டலம் கட்டி, பில் போட்டால்தானே உங்கள் கைக்கு வரும்? கடையில் ஒரே ஆள் இருந்தால், குடோனைக் கடைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தாலும் நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

கேமிலும் இதேதான். கோப்புகள் சுருக்கப்பட்ட நிலையில்தான் எஸ்எஸ்டியில் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்க வேண்டும், காட்சிகளை உருவாக்க வேண்டும், கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்ப வேண்டும், ஆன்லைன் கேம் என்றால் சர்வரின் பதிலுக்கும் காத்திருக்க வேண்டும். இந்த வேலைகளில் பெரும்பகுதி பிராசஸர் தலையில். 20 விநாடி லோடிங்கில் படிப்பதற்கு 5 விநாடி, மற்ற வேலைகளுக்கு 15 விநாடி போகிறது என்றால், உலகிலேயே வேகமான ரேமை வைத்தாலும் உங்களால் 15 விநாடிக்குக் கீழே இறங்க முடியாது.

இதற்கு நல்ல சான்று 'ஃபோர்ஸ்போக்கன்'. மைக்ரோசாஃப்ட்டின் 'டைரக்ட்ஸ்டோரேஜ்' தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திய முதல் பிசி கேம். அதை உருவாக்கிய லூமினஸ் புரொடக்ஷன்ஸ், 2022 மார்ச்சில் கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் தங்கள் சோதனை முடிவுகளைக் காட்டியது. ஹார்ட் டிஸ்க்கில் 20 விநாடிக்கு மேல் எடுத்த காட்சி, என்விஎம்இ-யில் சுமார் 2 விநாடியில் வந்தது. அடுத்து, அதே என்விஎம்இ-யில் டைரக்ட்ஸ்டோரேஜைப் பயன்படுத்தியபோது, படிக்கும் வேகம் விநாடிக்கு சுமார் 2.8 ஜிபியிலிருந்து 4.8 ஜிபியாக ஏறியது. கிட்டத்தட்ட 70 சதவீதம் அதிகம். லோடிங் நேரம்? ஒரு விநாடியின் சிறு பகுதிதான் குறைந்தது. சரக்கு வருவது தாமதம் இல்லை, பொட்டலம் கட்டுவதுதான் தாமதம் என்ற நிலைக்கு அந்த கேம் வந்துவிட்டிருந்தது.

சோனி இதை முன்கூட்டியே யோசித்தது. 2020 நவம்பரில் வந்த பிஎஸ்5-ல் விநாடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டியோடு, சுருக்கிய கோப்புகளைப் பிரிப்பதற்கென்றே தனி ஹார்ட்வேரையும் வைத்தார்கள். பிசியில் அந்த வேலையை கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கும் வசதி, 2022 நவம்பரில் டைரக்ட்ஸ்டோரேஜ் 1.1 வழியாக வந்தது. ஆனால் கேமை உருவாக்குபவர் அதைப் பயன்படுத்தி எழுதியிருந்தால்தான் உங்களுக்குப் பலன்.

6 நிமிடத்தை 2 நிமிடமாக்கிய திருத்தம்

இன்னொரு உதாரணம் இதைவிட சுவாரஸ்யமானது. 'ஜிடிஏ ஆன்லைன்' வந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியும், பல நிமிடங்கள் லோட் ஆவதாக ஆடுபவர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். 2021 பிப்ரவரியில் ஒரு புரோகிராமர் காரணத்தைத் தோண்டி எடுத்தார். கேமுக்குள் வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியல் ஒன்று, சுமார் 63,000 பதிவுகளோடு, வெறும் 10 எம்பி அளவில் இருந்தது. அதைப் படிக்கும் நிரல், ஒவ்வொரு பதிவுக்கும் மிச்சமிருந்த மொத்தக் கோப்பின் நீளத்தையும் மறுபடி மறுபடி அளந்துகொண்டிருந்தது. பிறகு ஒவ்வொன்றையும் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலிருந்து தேடியது.

இரண்டையும் சரிசெய்ததும், அவருடைய கம்ப்யூட்டரில் 6 நிமிட லோடிங் 2 நிமிடத்துக்குள் வந்தது. ராக்ஸ்டார் நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு, அடுத்த மாதமே திருத்தத்தை வெளியிட்டது. அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது.

இந்த 10 எம்பி கோப்பு எந்த எஸ்எஸ்டிக்கும் கண்சிமிட்டும் நேர வேலை. காத்திருப்பு முழுவதும் பிராசஸரில். அந்த ஆண்டுகளில் ஜிடிஏ லோடிங்குக்காகவே ரேமோ எஸ்எஸ்டியோ வாங்கியவர்களின் பணம், இல்லாத நோய்க்கு வாங்கிய மருந்துதான்.

அப்போ ரேம் டிஸ்க் வேஸ்ட்டா?

கேமுக்கு, பெரும்பாலும் ஆமாம். மூன்று காரணங்கள்.

ஒன்று, அளவு. பால்டர்ஸ் கேட் 3 கேட்கும் இடம் 150 ஜிபி. ஸ்டார்ஃபீல்ட் 125 ஜிபி. இதை ரேமில் வைத்து, கேம் ஓடுவதற்கும் தனியாக ரேம் வேண்டும். சாதாரண பிசிகளில் இருக்கும் 16, 32 ஜிபிக்கெல்லாம் இது கட்டுப்படியாகாது.

இரண்டு, நிரப்பும் நேரம். கரண்ட் போனால் ரேம் காலி. ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரைப் போடும்போதும் எஸ்எஸ்டியிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். 100 ஜிபி கேமை ஜென் 3 எஸ்எஸ்டியிலிருந்து ஏற்ற சுமார் அரை நிமிடம், சாட்டாவிலிருந்து 3 நிமிடம். ஒரு விநாடியை மிச்சம் பிடிக்க அரை நிமிடம் செலவு. சேவ் கோப்பும் அதிலேயே இருந்து, ஒரு மழைநாளில் கரண்ட் போனால், விளையாடியதும் போச்சு.

மூன்றாவதுதான் முக்கியம். இந்த வேலையை விண்டோஸ் ஏற்கெனவே சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. ஒருமுறை படித்த கோப்புகளை, ரேமில் சும்மா கிடக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்டால் எஸ்எஸ்டிக்குப் போகாமல் அங்கிருந்தே கொடுக்கும். வேறு புரோகிராமுக்கு இடம் தேவைப்பட்டால் விட்டுக்கொடுத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'கேஷ்டு' என்று காட்டுகிறதே, அதுதான். லினக்ஸும் இதையேதான் செய்கிறது. நல்ல கடைக்காரர் அடிக்கடி விற்கும் சரக்கைச் சொல்லாமலே மேசையில் எடுத்து வைத்துக்கொள்வது மாதிரி.

ரேம் எப்போது உண்மையிலேயே தேவை?

மேசையே போதாதபோது. ஒரு நிஜ உதாரணம்: தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் தருவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்து, 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கியது. அவற்றில் இருப்பது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. படிப்புக்கான கருவி என்று பார்த்தால், ஹார்ட் டிஸ்க்கை விட்டு எஸ்எஸ்டிக்கு வந்தது சரியான முடிவு. விண்டோஸ் சட்டென்று திறக்கும்.

ஆனால் அதே லேப்டாப்பில் பிரவுசரில் பத்து டேப், பின்னணியில் டிஸ்கார்ட், முன்னால் ஒரு கேம் என்று வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடும். அப்போது விண்டோஸ், ரேமில் இருப்பதை எஸ்எஸ்டிக்கு மாற்றி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். அதாவது மேசையில் இடமில்லாமல் எடுத்த சரக்கையே மறுபடி குடோனுக்கு அனுப்பிக் கொண்டுவருவது. லோடிங் இழுக்கும், ஆட்டத்தின் நடுவிலும் திக்கும். இந்த இடத்தில் ரேமை 16 ஜிபியாக்குவது எந்த வேகமான எஸ்எஸ்டியையும்விட அதிகப் பலன் தரும்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே ஸ்டிக் இருந்த இடத்தில் இரண்டாவதைச் சேர்த்தால், ரேமின் அலைவரிசை இரட்டிப்பாகும். கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது என்பதால் கேம் ஓடும் வேகமே கூடும். ஆனால் வாங்கும் முன் பாருங்கள்: பல மெல்லிய லேப்டாப்களில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். மாற்ற முடியாது.

காசு செலவழிக்கும் முன் 10 நிமிடச் சோதனை

நீங்கள் ஏற்கெனவே சில முறை விளையாடிய கேமை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக இன்ஸ்டால் செய்தது வேண்டாம். முதல்முறை திறக்கும்போது ஷேடர் தயாரிக்கும் வேலையெல்லாம் இருக்கும், கணக்கு குழம்பிவிடும்.

1. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கேமைத் திறந்து, ஒரே சேவ் கோப்பு லோட் ஆக எவ்வளவு நேரம் என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளங்கள்.
2. கேமை மூடுங்கள். ரீஸ்டார்ட் செய்யாமல் மறுபடி திறந்து, அதே சேவ் கோப்பை அளங்கள். இந்த முறை பெரும்பாலான கோப்புகள் ரேமிலிருந்தே வரும். காசில்லாமல் கிடைத்த ரேம் டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
3. லோட் ஆகும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் டிஸ்க், பிராசஸர், மெமரி மூன்றையும் பாருங்கள்.

இரண்டாவது முறை நேரம் பாதிக்குக் கீழே இறங்கினால், உங்கள் பிரச்சினை டிஸ்க்தான். எஸ்எஸ்டி மாற்றினால் பலன் தெரியும். இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே நேரம் என்றால், தடை பிராசஸரிலோ இணையத்திலோ கேமின் நிரலிலோ இருக்கிறது. ரேமும் எஸ்எஸ்டியும் உதவாது. மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால், இந்தச் சோதனை செல்லாது, ஏனென்றால் கோப்புகளை வைத்துக்கொள்ள இடமே இல்லை. உங்களுக்கு முதலில் தேவை ரேம்.

காசை எதில் போடுவது?

• இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் கேம் வைத்திருக்கிறீர்களா? வேறு எதையும் யோசிக்க வேண்டாம். சாட்டா எஸ்எஸ்டியாவது வாங்குங்கள். சைபர்பங்க் 2077, 2023-லேயே ஹார்ட் டிஸ்க்கைத் தன் குறைந்தபட்சத் தேவையிலிருந்து எடுத்துவிட்டது.
• 8 ஜிபி ரேமா? ஸ்லாட் இருந்தால் 16 ஆக்குங்கள்.
• 16 ஜிபியும் சாட்டா எஸ்எஸ்டியும் இருக்கிறதா? இடம் போதவில்லை என்றால் ஜென் 3 அல்லது ஜென் 4 என்விஎம்இ. இடம் போதும் என்றால் அவசரமில்லை.
• 16 ஜிபியும் என்விஎம்இ-யும் இருக்கிறதா? லோடிங்குக்காக எதையும் வாங்க வேண்டாம். 32 ஜிபி உங்களுக்குத் தேவைப்படலாம். அது வீடியோ எடிட்டிங்குக்கோ, விர்ச்சுவல் மெஷினுக்கோ, மெமரி நிரம்புவதாக டாஸ்க் மேனேஜரில் நீங்களே பார்த்த ஒரு கேமுக்கோ இருக்கட்டும்.
• ரேம் டிஸ்க்? ஆயிரக்கணக்கான சின்னத் தற்காலிகக் கோப்புகளை எழுதி அழிக்கும் வேலை உங்களுக்கு இருந்தால் முயன்று பாருங்கள். கேமுக்கு வேண்டாம்.

விலை இறங்கும்வரை காத்திருக்க முடிந்தவர்களுக்கு, மேலே சொன்ன சோதனை செலவில்லாதது. முடியாதவர்கள், கடைக்காரரிடம் போவதற்கு முன் அந்த மூன்று எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள்: முதல்முறை லோடிங் நேரம், இரண்டாம் முறை நேரம், மெமரி சதவீதம். "எது நல்லது?" என்று கேட்பதற்குப் பதில், எது வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.